வன்னியிலிருந்து மலைநாட்டுக்கு: ஒரே ஊரில் தங்கி ஆறுதலாக லீவு கழிக்க முழுமையான வழிகாட்டி

வன்னியிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகின்றன. வான் ஒன்றைப் பிடித்து நடுச்சாமத்தில் ஏறுவார்கள். விடியக் கண்டி, மத்தியானம் நுவரெலியா, அடுத்த நாள் எல்ல, அன்றிரவே திரும்பல். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கை. போனில் நூறு படம் இருக்கும். எது எந்த இடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

இந்த வழிகாட்டி வேறு வகையான பயணத்துக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு மலை ஊருக்குப் போய், அந்த ஒரே ஊரில் நாலைந்து இரவு தங்கி, நன்றாக நித்திரை கொண்டு, நடந்து, சமைத்துச் சாப்பிட்டுத் திரும்ப நினைப்பவர்களுக்கு. கீழே உள்ள வரிசையிலேயே முடிவுகளை எடுங்கள். பலர் வானைப் பேசி முற்பணமும் கொடுத்த பிறகுதான் ஊரைத் தேடத் தொடங்குகிறார்கள். பிறகு எல்லாம் வான்காரருடைய திட்டப்படியே நடக்கும்.

1. முதலில் மாதம்

பள்ளிக்கூட லீவை வைத்துப் பார்த்தால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று வாய்ப்பு.

ஏப்ரலில் காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும். ஆனால் நுவரெலியாவின் ‘சீசன்’ அதே மாதம்தான். மலர்க் கண்காட்சி, கார் ஓட்டம், குதிரை ஓட்டம் என்று நாடே அங்கே நிற்கும். அறை வாடகை மற்ற மாதங்களைப் போல் இருக்காது, கிறகரி வாவிப் பக்கம் வாகனம் நகராது. பின்னேரங்களில் இடிமழையும் உண்டு. ஏப்ரலில்தான் போக முடியும் என்றால் புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மாதக் கடைசியில் போங்கள். அல்லது நுவரெலியாவை விட்டு வேறு ஊரைப் பாருங்கள்.

டிசம்பரை விட்டுவிடுங்கள். மலையில் மண்சரிவுக் காலம் அது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் தண்டவாளமும் பல இடங்களில் உடைந்தன. அதோடு, இரணைமடு வான்கதவு திறக்கும் காலத்தில் வீட்டை விட்டுப் போனால் மனம் எங்கே ஆறுதலாக இருக்கும்?

மிஞ்சுவது ஆகஸ்ட். எங்கள் பக்கம் கிணறு வற்றி, புழுதி பறந்து, இரவிலும் வெக்கை விடாத நேரம். மலைக்குப் போக இதைவிட நல்ல காரணம் வேண்டாம். நாளைக் குறிக்குமுன் நான்கைப் பாருங்கள்:

சிறுபோகம் செய்தவர்கள் அறுவடை நாளையும் வெட்டு மெஷின் வரும் நாளையும் உறுதிப்படுத்திவிட்டு லீவைக் குறிக்க வேண்டும். மெஷின் உங்கள் லீவுக்காகக் காத்திருக்காது.

கண்டிப் பெரஹெரா ஜூலை, ஆகஸ்டில் வரும். அந்த நாட்களில் கண்டி நகருக்குள் பின்னேரத்திலிருந்து வீதிகளை மூடுவார்கள், அறையும் கிடைக்காது. அந்த வருடத்துத் திகதியைப் பார்த்து, கண்டியைக் காலையிலேயே கடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் வவுனியா, மன்னார்ப் பக்கம் வாடகை வான் கிடைப்பது கஷ்டம்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் கிடையாது என்ற குடும்பங்கள் வன்னியிலும் நிறைய. அந்த நாட்களில் போனால் குசினியோடு தங்குமிடம் எடுப்பது கட்டாயம். ஏன் என்பது 4ஆம் பகுதியில் வரும்.

2. மலையின் எந்தப் பக்கம்?

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘மலைநாடு’ என்றால் எல்லாம் ஒரே வானிலை என்று நினைக்கிறார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குக் காய்ந்த சோளகமாக வீசும் அதே தென்மேல் காற்று, மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அந்தப் பக்கம். அங்கே ஆகஸ்டில் நாள்முழுக்கத் தூறலும் மூடுபனியும் சாதாரணம். மழையைக் கொட்டிய பிறகு அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். அதனால் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பகுதிகளில் அந்த நேரம் வெயிலும் தெளிந்த வானமும் இருக்கும்.

ரயிலில் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நானுஓயாவில் கண்ணாடியில் மழை அடிக்கும். பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்தைக் கடந்ததும் பல நாட்களில் வெயில்.

ஆகவே ஆகஸ்ட் என்றால் ஊவாப் பக்கம். நுவரெலியாவில்தான் தங்கவேண்டும் என்று ஆசையிருந்தால் பெப்ரவரி, மார்ச் நல்லது. இரவு கடும் குளிர், பகல் தெளிவு. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது.

3. ஒரே ஊரைத் தெரிவுசெய்யுங்கள்

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வன்னிக் குடும்பத்துக்கு நான் சொல்வது பண்டாரவளை. ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். குளிர் சுகமாக இருக்கும், நடுங்க வைக்காது. ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சந்தை, மருந்துக்கடை, தமிழ்க் கடைகள், கோயில் எல்லாம் கிட்ட. அப்புத்தளையும் எல்லயும் ரயிலில் அரை மணித்தியாலம் அளவில்தான். ஒன்று மேலே, ஒன்று கீழே. படுக்கையை மாற்றாமலே இரண்டையும் பார்த்துவிடலாம்.

அப்புத்தளை ஏறக்குறைய 1,400 மீற்றர். காட்சி என்றால் இந்த ஊர்தான். மலை முதுகில் குந்தியிருக்கும் ஊர் என்பதால் ஆகஸ்டில் காற்று கதவைப் பிடுங்கும். இளம் ஆட்கள் இருவர் மூவராகப் போவதென்றால் இதை எடுங்கள்.

எல்ல வெளிநாட்டுக்காரரை நம்பி வளர்ந்த இடம். விலையும் அப்படி, இரவுச் சத்தமும் அப்படி. ஒரு நாள் போய் வரலாம், தங்க வேண்டாம்.

நுவரெலியா 1,868 மீற்றர். மூட்டு நோவு, இழுப்பு உள்ளவர்களுக்கு அந்தக் குளிர் வேண்டாத வேலை.

எத்தனை இரவு? நாலுக்குக் குறைய வேண்டாம். முதல் நாள் பயணத்தில் போய்விடும். இரண்டாம் நாள் உடம்பு அலுப்பிலும் குளிரிலும் இருக்கும். மூன்றாம் நாள்தான் ஆட்கள் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்குவார்கள். இரண்டு இரவோடு திரும்புகிறவர்கள் அந்த நாளைக் காணாமலே வந்துவிடுகிறார்கள். காசு போதாதென்றால் வெளியே சுற்றும் செலவைக் குறையுங்கள், இரவைக் குறைக்காதீர்கள்.

4. தங்குமிடம்: போனில் கேட்க வேண்டியவை

வானத்தை நம்பிப் போய் இறங்கி அறை தேடாதீர்கள். வான் நிறையச் சனம் தெரிந்தாலே மோட்டார்சைக்கிளில் தரகர்மார் பின்னால் வருவார்கள். அவர்கள் காட்டும் அறையின் வாடகைக்குள் அவர்களுடைய பங்கும் இருக்கும். இருட்டும் குளிரும் பிள்ளைகளின் அழுகையும் சேர்ந்த நேரத்தில் பேரம் பேசவும் முடியாது.

இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போன் எடுங்கள். பண்டாரவளைப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களில் தமிழர் நிறைய. “அண்ணே, கிளிநொச்சியிலிருந்து கதைக்கிறம்” என்று தொடங்கினால் பெரும்பாலும் “சொல்லுங்க” என்று நிதானமாகவே பதில் வரும். கேட்கவேண்டியவை இவை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

“வாடகை ஆளுக்கா, ரூமுக்கா? பிள்ளைகளுக்குத் தனிக் காசா?” இதைக் கேட்காமல் போனவர்கள் திரும்பும் காலையில் கணக்கைப் பார்த்து வாதாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொன்ன விலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

“சுடுதண்ணீர் எதில் வருகிறது?” வெயிலில் சூடாகும் தாங்கி என்றால் மப்பு நாளில் பச்சைத் தண்ணீர்தான். கரண்ட் ஹீட்டர் என்றால் எத்தனை குளியலறைக்கு என்று கேளுங்கள். ஆறு பேர் வரிசையில் நின்றால் நாலாவது ஆளுக்குக் குளிர் தண்ணீர்.

“குசினி பாவிக்கலாமா? காஸ் இருக்குமா, சட்டி பானை தருவீர்களா?” இதற்கு ‘ஓம்’ சொல்லும் இடத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. கடையில் மூன்று வேளை ஆறு பேர் சாப்பிட்டால் அறை வாடகையையே தாண்டிவிடும். விரத காலமென்றால் மச்சம் தொடாத சட்டி கிடைப்பது கடினம். ஒரு பானையும் ஒரு தாச்சியும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் நிம்மதி.

“வாகனம் வாசல் வரை வருமா? எத்தனை படி ஏறவேண்டும்?” மலையில் ‘ரோட்டுக்குப் பக்கம்’ என்பது ரோட்டிலிருந்து அறுபது படிக்குக் கீழேயும் இருக்கலாம். அம்மம்மாவை அதில் இறக்கி ஏற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

“ஆளுக்கு எத்தனை போர்வை?” வெட்கப்படாமல் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் இரவு முழுவதும் இழுபறிதான்.

“டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா?” வானை நிற்பாட்டி வைத்திருப்பதென்றால் இது முக்கியம். வானுக்குள் குளிரில் விறைத்துக் கிடந்த ஒருவர் அடுத்த நாள் உங்களை வளைவில் இறக்கிக்கொண்டு போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

5. மலையில் சொந்தக்காரர் இருந்தால்

எழுபதுகளின் கடைசியில் கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அதனால் ‘எங்கட சித்தப்பா பண்டாரவளையில இருக்கிறார்’ என்பது இங்கே பல வீடுகளில் கேட்கும் பேச்சு. அங்கே போய் நிற்பதா?

பார்க்கப் போங்கள், தங்கப் போகாதீர்கள். லய அறை (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) என்பது அவர்களுக்கே நெருக்கமானது. நீங்கள் ஆறு பேர் போனால் அவர்கள் கட்டிலை உங்களுக்குத் தந்துவிட்டுத் தரையில் படுப்பார்கள், கொழுந்துச் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் நிற்பார்கள், கோழி அடிப்பார்கள். வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

போகுமுன் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பகல் போங்கள். கையோடு சிவப்பரிசி, நல்லெண்ணெய், பனங்கட்டி, முல்லைத்தீவுக் கருவாடு. பிஸ்கட் பெட்டியைவிட இவற்றுக்கு அங்கே நல்ல வரவேற்பு.

6. போக்குவரத்து

ஊரும் அறையும் முடிவான பிறகுதான் இது.

ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கே ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அது பெரும்பாலும் நேர் ரோட்டு. கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான் என்று வரைபடத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து ஏற மூன்று மணித்தியாலம் அளவில் எடுக்கும். அங்கிருந்து வெலிமடை வழியே பண்டாரவளைக்கு இன்னும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மலையில் தூரத்தைக் கிலோமீற்றரில் கணக்குப் பார்க்காதீர்கள், மணித்தியாலத்தில் பாருங்கள்.

ஒரே ஊரில் தங்குகிறவர்களுக்கு வானை ஐந்து நாளும் மறித்து வைத்திருப்பது வீண் செலவு. வாகனம் சும்மா நின்றாலும் நாட்காசு ஏறும். பெரிய குடும்பமென்றால் ‘கொண்டுபோய் விடு, பிறகு வந்து ஏற்று’ என்று பேசிப் பாருங்கள். வெறுமையாகத் திரும்பும் ஓட்டத்துக்கும் காசு கேட்பார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்து எது குறைவோ அதை எடுங்கள்.

நாலு பேருக்குள் என்றால் எனக்குப் பிடித்த வழி பஸ்ஸும் ரயிலும். வவுனியாவிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போய், அன்றிரவு கண்டியிலோ பேராதனையிலோ படுத்து, காலையில் பதுளை ரயிலைப் பிடியுங்கள். வடக்கு ரயிலில் பொல்கஹவலையில் இறங்கி மலைநாட்டு ரயிலுக்கு மாறவும் முடியும். ஆனால் இரண்டு ரயிலின் நேரமும் ஒத்துவராவிட்டால் மூட்டை முடிச்சோடு மேடையில் பல மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டிவரும். நேர அட்டவணையைப் பார்க்காமல் அதில் இறங்காதீர்கள்.

முன்பதிவு ஆசனங்கள் 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்த வேகத்தில் முடியும். அடையாள அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்கே போடுங்கள். கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாத பெட்டி உண்டு. பிள்ளைகளோடு அதில் பல மணித்தியாலம் நிற்பது லீவு அல்ல. பதிவு போடுமுன் ரயில் அந்த நாட்களில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்றும் விசாரியுங்கள். மண்சரிவுக்குப் பிறகு பாதையைத் துண்டு துண்டாகத்தான் திறப்பார்கள்.

7. பெட்டி கட்டுவது

குளிர் உடுப்பை இங்கே கடைகடையாகத் தேடி வாங்காதீர்கள். இங்கே கிடைப்பது குறைவு, விலை கூட. ஆளுக்கு ஒரு சுவெற்றர் பயணத்துக்கு இரவல் வாங்கினால் போதும். மேற்கொண்டு தேவையானால் அங்கே சந்தைப் பக்கம் மலிவாக வாங்கலாம்.

காலுறையை மட்டும் ஆளுக்கு மூன்று சோடி எடுங்கள். எங்கள் ஆட்கள் சுவெற்றரை நினைப்பார்கள், காலை மறந்துவிடுவார்கள். சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு திரிந்தால் குளிர் அங்கிருந்துதான் ஏறும். வீட்டுக்குள் போட ஒரு ரப்பர்ச் செருப்பும் வேண்டும்.

ஜீன்ஸைக் குறையுங்கள். நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. எங்கள் முற்றத்தில் ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்கிற துவாய் அங்கே மறுநாளும் ஈரமாகத்தான் தொங்கும். உள்ளுடுப்பை நாட்கணக்குக்கு மேலதிகமாகவே வையுங்கள்.

வழமையான குளிசைகள், இழுப்புக்காரருக்குப் பம்ப், குடை, டோர்ச், பிளாஸ்க். உதடு வெடிக்கும், வாசலின் ஒன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு மூடிய சப்பாத்து: குளிரில் கால் விறைத்திருக்கும்போது கல் குத்தினாலும் தெரியாது.

8. வீட்டை ஒழுங்கு செய்வது

ஐந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது வன்னியில் இலேசல்ல. கோழிக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வைக்க ஆள் வேண்டும். ஆகஸ்டில் தென்னம்பிள்ளைக்கு ஐந்து நாள் தண்ணீர் விடாவிட்டால் திரும்பி வரும்போது ஓலை சரிந்திருக்கும். யானை வரும் எல்லைக் கிராமமென்றால் இரவில் வீட்டில் வெளிச்சமும் ஆளும் இருக்கவேண்டும். நெல் மூட்டை வைத்திருந்தால் இன்னும் கட்டாயம்.

இந்த ஆளைக் கடைசி நாளில் தேடாதீர்கள். அறை பேசும் அன்றே பேசிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் மூன்று தரம் போன் எடுத்து “கோழி அடைச்சாச்சோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் மலைக்குப் போகவில்லை.

9. போகும் நாள்

நடுச்சாமத்தில் வெளிக்கிடாதீர்கள். ‘பகலை வீணாக்கக் கூடாது’ என்று இரவு பன்னிரண்டுக்குப் புறப்படுவது எங்கள் பழக்கம். டிரைவர் நேர் ரோட்டில் நித்திரையை அடக்கி ஓட்டிவந்து, சரியாகக் களைத்த நேரத்தில் வளைவுகளைத் தொடுவார். 2025இல் கொத்மலை கரண்டிஎல்லவில் விடிகாலையிலும் எல்ல–வெல்லவாய வீதியில் இரவிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்ததை மறக்க வேண்டாம்.

காலை நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் காலாற ஒரு நிறுத்தம். மலை ஏறத் தொடங்குமுன் கம்பளையில் மத்தியானச் சாப்பாடு வயிறு நிறைய வேண்டாம், பாதி வயிறுதான். பின்னேரம் நாலரைக்குள் அறையில் இருக்கவேண்டும் என்பதை வைத்துக்கொண்டு நிறுத்தங்களைக் குறையுங்கள். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் மாத்தளையிலேயே ஒரு இரவு படுத்துப் போவது நல்லது.

சத்தி: சமதரையில் வளர்ந்த பிள்ளைகள் புசல்லாவையைத் தாண்டமாட்டார்கள். தலைசுற்றுக் குளிசையை வளைவு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன் கொடுக்கவேண்டும். சத்தி எடுத்த பிறகு கொடுத்துப் பயனில்லை. பிள்ளையின் வயதுக்கு எவ்வளவு என்று இங்கேயே மருந்துக்கடையில் கேளுங்கள். முன் சீற், திறந்த கண்ணாடி, கண் தூரத்தில். போனைக் கையில் கொடுக்காதீர்கள். காது அடைத்தால் ஒரு டொபி.

சொந்த வாகனத்தில் போகிறவர்களுக்கு: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எங்கள் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிரேக்கை அமத்திக்கொண்டே வருவார்கள்; பத்து நிமிடத்தில் கருகல் மணம் வரும், பிறகு பிரேக் பிடிக்காது. மணம் வந்தால் ஓரமாக நிற்பாட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டோமற்றிக் வண்டியிலும் குறைந்த கியர் இருக்கிறது, அதைப் பாவிக்கத் தெரியாமல் மலை ஏறாதீர்கள். ஏறிவரும் வாகனத்துக்கு இடம் விடுவது அங்கே வழக்கம். மூடுபனியில் பெரிய லைற் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சின்ன லைற் போதும்.

மழை பெய்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சளுக்கு அடுத்த நிலைக்குப் போன பிரதேசத்தின் ஊடாகப் போகவேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

10. முதல் பின்னேரம் ஒன்றும் செய்யாதீர்கள்

சாமானை இறக்கியதும் ‘வா, ஊரைப் பார்ப்பம்’ என்று கிளம்புவது பிழை. வெக்கையிலிருந்து வந்த உடம்பு குளிரைப் பழக ஒரு இரவாவது வேண்டும். சுடச்சுடத் தேத்தண்ணி, இலேசான சாப்பாடு, எட்டு மணிக்குப் படுக்கை.

அடுத்த நாள் விடிய எழும்பிக் கிணற்றடியில் தோய்வதுபோலத் தோயவும் வேண்டாம். காலையில் முகம் கழுவி, பதினொரு மணி வெயிலில் சுடுதண்ணீரில் குளியுங்கள். தலையை உடனே துடையுங்கள். லீவு பாதியில் காய்ச்சலோடு திரும்பியவர்களில் பலர் இந்த விடியல் குளிப்பில் விழுந்தவர்கள்தான்.

11. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் மத்தியானத்துக்கு முன்

மலையில் காலை தெளிவாக இருக்கும். பகல் ஏற ஏற மேகம் மேலே வரும், பின்னேரம் காட்சி மூடிவிடும். ஆகவே வெளியே போவதைக் காலையில் முடித்து, மத்தியானம் அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து, பின்னேரம் சந்தைவரை நடந்தால் போதும்.

லிப்டன் இருக்கை: அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் போகும். அங்கிருந்து மேலே ஏறக்குறைய 7 கிலோமீற்றர். ஏறும்போது ஓட்டோவில் போய், இறங்கும்போது கொழுந்து மலைக்குள்ளால் நடந்து வாருங்கள். ஒன்பது மணிக்குள் உச்சியில் நிற்கவேண்டும். பத்தரைக்குப் போனவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களைப் படம் எடுக்குமுன் “எடுக்கலாமா அக்கா?” என்று தமிழில் ஒரு வார்த்தை கேளுங்கள். நிறை காட்டும் நேரத்தில் மறித்துக்கொண்டு நிற்கவேண்டாம், அவர்கள் நாட்கூலி அதில்தான் இருக்கிறது.

ஒன்பது வளைவுப் பாலம்: பண்டாரவளையிலிருந்து எல்லவுக்குக் காலை ரயில், பிறகு நடை. பாலத்தில் நிற்கும்போது பிள்ளையின் கையை விடாதீர்கள், தண்டவாளத்தில் குந்தியிருந்து படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ரயில் ஆசை தீரவில்லையென்றால் அடுத்த நிலையமான தெமோதரைக்குப் போங்கள். நிலையத்துக்குக் கீழாலேயே தண்டவாளம் சுற்றிவந்து சுரங்கத்துக்குள் போகும். ரயில் ஒரு தரம் சுற்றி வரும்வரை அங்கேயே நிற்பார்கள்.

அதிசாம் பங்களா: அப்புத்தளையில் துறவிகள் இருக்கும் மடம். வார இறுதி, போயா, பள்ளி லீவு நாட்களில்தான் திறப்பார்கள். அவர்கள் செய்யும் ஜாம் வாங்கலாம்.

ஹோட்டன் சமவெளியை இந்தப் பயணத்தில் சேர்க்கவேண்டாம் என்பது என் எண்ணம். இருட்டோடு எழும்பி, குளிரில் ஒன்பது கிலோமீற்றர் அளவு நடக்கவேண்டும். நல்ல இடம், ஆனால் அடுத்த நாளையும் அது சாப்பிட்டுவிடும். இளம் ஆட்கள் மட்டும் போய்வரட்டும், மற்றவர்கள் விறாந்தையில் இருக்கட்டும்.

ஒரு நாளை முழுதாக வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் ‘இண்டைக்கு எங்க போறம்?’ என்று கேட்பார்கள். ‘ஒரு இடமும் இல்லை’ என்று சொல்லப் பெற்றோராகிய நாங்கள்தான் பழகவேண்டும்.

12. குசினியில்

தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடும். பழுதாகவில்லை, 24 பாகைக்குக் கீழே அது உறையும். போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அகன்ற வாய்ப் போத்தலில் கொண்டுபோனால் கரண்டியால் கிண்டியும் எடுக்கலாம். நல்லெண்ணெய் உறையாது.

சோறு: உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும், பண்டாரவளையில் ஏறக்குறைய 96 பாகை, நுவரெலியாவில் 94. மொட்டைக்கறுப்பன் அரிசி வீட்டில் வேகும் நேரத்தில் அங்கே வேகாது, நடுவில் வித்து நிற்கும். முதல் நாளே ‘அரிசி சரியில்லை’ என்று கடைக்காரரைத் திட்டவேண்டாம். அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீர் கொஞ்சம் கூட வைத்து, குக்கரில் போடுங்கள். பருப்புக்கும் கடலைக்கும் இதே கதை.

மீன் வாங்காதீர்கள். முல்லைத்தீவுக் கரையில் துடிக்கத் துடிக்க வாங்கியவர்களுக்கு அங்கே ஐஸில் வந்த மீன் பிடிக்காது. கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு எல்லாம் அன்றைக்குப் பிடுங்கியது கிடைக்கும் இடத்தில் மரக்கறி சாப்பிடுங்கள். லீக்ஸ் இதழ்களுக்கு இடையில் மண் ஒளிந்திருக்கும்; நெடுக்காகப் பிளந்து கழுவவேண்டும். கருவாடு பொரிக்க ஆசையென்றால் வெளியே அடுப்பு இருந்தால் மட்டும். குளிருக்காக யன்னல் எல்லாம் பூட்டிய வீட்டில் பொரித்தால் போர்வை வரைக்கும் மணம் ஏறும். வீட்டுக்காரர் அடுத்த முறை ‘ரூம் இல்லை’ என்று சொல்வார்.

13. திரும்புவது

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன் வீட்டில் இருங்கள். திரும்பும் வழியில்தான் ஹக்கலைப் பூங்காவும் சீதாஎலிய கோயிலும். காலையில் அறையை ஒப்படைத்துவிட்டு வந்தால் இரண்டும் வெலிமடை–நுவரெலியா வீதியிலேயே இருக்கின்றன. ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள், பிறகு இறக்கம். இறங்கும் பாதைதான் ஆபத்து என்பதால் டிரைவர் முதல் நாள் இரவு நன்றாகப் படுத்தாரா என்று கேளுங்கள்.

மரக்கறியை வழியோரத்தில் கண்டதும் வாங்காமல் வெலிமடைப் பக்கம் விலை கேட்டு வாங்குங்கள். கரட்டை இலையை வெட்டிவிட்டு ஏற்றவேண்டும். இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். பொலித்தீன் பைக்குள் கட்டினால் தம்புள்ளை வெக்கையில் வியர்த்து அழுகும், சாக்குப் பையில் போடுங்கள்.

வழியில் ஸ்ரோபெரிக் கன்றும் குளிர்நாட்டுப் பூக்கன்றும் சாடியோடு விற்பார்கள். பிள்ளைகள் கேட்டு அடம்பிடிப்பார்கள். ஓமந்தை வரை நன்றாகத்தான் வரும்; ஆகஸ்ட் வெயிலில் ஒரு கிழமை தாங்காது. அந்தக் காசுக்கு இன்னொரு பக்கெற் தேயிலைத்தூளை வாங்குங்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கும் கொடுக்க ஒன்று வேண்டும்.

வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து உடுப்பு முழுவதையும் வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் பெட்டிக்குள் கிடந்தால் பூஞ்சண மணம் துவைத்தாலும் போகாது. இரவல் சுவெற்றரைத் துவைத்துக் காயவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.